சங்கிலியும் பற்சக்கரமும்

கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் பெருந்தெருவில், மாவனல்லையைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகின்றது. 1820ஆம் ஆண்டுகளில் கப்டன் டோசன் என்னும் படைப் பொறியியலாளரின் மேற்பார்வையில் அமைந்த கடுகண்ணாவைக் கணவாய் வழி அது. அத்தெருவில் ஏறி இறங்கும் வண்டிகளுக்கிடையே, அரை நூற்றாண்டுக்கு மேல் வயது சென்ற பி.எஸ்.ஏ., நோட்டன், ட்ரையம்ப் முதலிய மோட்டார் சைக்கிள்களையும் காணலாம். அவற்றைப் பேணுவோர் இயந்திரத்தைத் துடைப்பர்; தாங்கிக்கு வர்ணம் பூசுவர்; ஆனால் பின்சில்லை இழுத்துச் செல்லும் சங்கிலியைப் பெரும்பாலும் மறந்துவிடுவர். ஏற்றத்தில் சங்கிலி அறுந்தால் வண்டி நின்றுவிடும். இறக்கத்தில் அறுந்தாலோ, இயந்திரம் வேகத்தைத் தாங்கிப் பிடிக்கும் உதவி அந்த நொடியே அற்றுப்போகும். அறுந்த துண்டு சிக்கிக்கொண்டால் பின்சில்லு பூட்டுண்டு, ஓட்டுபவர் தூக்கி எறியப்படவும் கூடும். ஆகவே இது உயிரோடு தொடர்புடைய காரியமாகும்.

இன்று வழக்கிலுள்ள உருளைச் சங்கிலியை 1880ஆம் ஆண்டிலே மான்செஸ்டர் நகரில் உருவாக்கியவர் சுவிஸ் நாட்டிற் பிறந்த ஹான்ஸ் ரெனோல்ட் என்பவர். பக்கத் தகடுகள், அவற்றை இணைக்கும் ஆணி, ஆணியைச் சூழ்ந்த குழல், குழலின்மேற் சுழலும் உருளை என்பன அதன் உறுப்புக்கள். சங்கிலி நீண்டுவிட்டது என்று நாம் சொல்லும்போது, உண்மையில் இரும்பு நீள்வதில்லை. ஆணியும் குழலும் ஒன்றோடொன்று உராய்ந்து தேய்கின்றன. ஒவ்வொரு கண்ணியிலும் மயிரிழையளவு தேய்வு நேர்ந்தாலும், நூறு கண்ணிகளில் அது கூடிப் பெரிதாகின்றது. கண்டிப் பிரதேசத்திலோ இரு பருவ மழைகளும் பொழிகின்றன. தெருச் சேறும் மணலும் எண்ணெயுடன் கலந்து, சாணை பிடிக்கும் பசைபோல் அவ்வுறுப்புக்களை அரைத்துவிடுகின்றன.

தேய்வை அளந்தறிவது எளிது. சங்கிலியைக் கழற்றி, மண்ணெண்ணெயிற் கழுவி, பலகைமேல் நேராக இழுத்து வைத்து அளக்க வேண்டும். அரை அங்குலக் கண்ணிச் சங்கிலியாயின் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருத்தல் வேண்டும். அடிக்குக் கால் அங்குலம் கூடியிருப்பின் அச்சங்கிலியின் ஆயுள் முடிந்ததென்று கொள்ளலாம்.

இவ்விடத்திலேதான் பலர் தவறு செய்கின்றனர். புதிய சங்கிலி மட்டும் போதும், பற்சக்கரங்கள் இன்னுஞ் சில காலம் உழைக்கும் என்று எண்ணுகின்றனர். தேய்ந்த சங்கிலியின் கண்ணிகள் பற்களின் இடைவெளிக்கு ஒவ்வாமையால், அது பற்களின் உச்சிக்கு ஏறி, சுமை முழுவதையும் இரண்டொரு பற்களின்மேல் ஏற்றுகின்றது. பற்களும் நாளடைவில் அரிவாள் நுனிபோல் வளைகின்றன. அவ்வாறு வளைந்த பற்களில் புதுச் சங்கிலியைப் பூட்டினால், அது விரைவிலேயே பழைய சங்கிலியின் கதியை அடையும். சங்கிலியும் இரு பற்சக்கரங்களும் மூன்று பொருள்கள் அல்ல. ஒரே பொருளின் மூன்று பகுதிகள்.

முன்பற்சக்கரத்தை மாற்றுதலே கடினமான பகுதி. பழைய ஆங்கில வண்டிகள் பலவற்றில் அது கிளச்சுக்குப் பின்னால் மறைந்திருக்கும். முதற் சங்கிலியையும் கிளச்சையும் கழற்றிய பின்னரே அதன் திருகாணிக்குக் கை எட்டும். அப்பொழுது பின்சங்கிலியைப் பூட்டியவாறே விட்டு, ஒருவர் பின் பிரேக்கை மிதித்துக்கொள்ள மற்றவர் திருகாணியைத் தளர்த்துதல் நன்று. பூட்டுத் தகட்டைப் புதிதாகவே இடவேண்டும். மலைநாட்டில் ஓட்டுவோர் சிலர் 18 பற்களுக்குப் பதிலாக 17 பற்களுள்ள சக்கரத்தைப் பூட்டுவதுண்டு. இதனால் ஏற்றத்தில் இழுவிசை ஏறத்தாழ நூற்றுக்கு 6 பங்கு கூடும். சமதரையில் அதே அளவு வேகம் குறையும்.

பின்பற்சக்கரம் சில வண்டிகளில் திருகாணிகளாற் பொருத்தப்பட்டிருக்கும். வேறு சிலவற்றில் பிரேக் உருளையோடு ஒன்றாகவே வார்க்கப்பட்டிருக்கும். பி.எஸ்.ஏ. ஆலை 1970களில் மூடப்பட்டுவிட்டமையால், ஆலையிலிருந்து உறுப்புப் பெறுதல் இனி இயலாது. தேர்ந்த கடைசற்காரர் தேய்ந்த பற்களைக் கடைந்து நீக்கி, புதிய பல்வளையத்தை நடுப்புள்ளி வழுவாது பொருத்தித் தருவார்.

புதுச் சங்கிலியைப் பழையதன் முனையில் இணைத்து இழுத்தால் அது தானே முன்சக்கரத்தைச் சுற்றி வந்துவிடும். இணைப்புக் கண்ணியின் கவ்வியிலே மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்க வேண்டும். சங்கிலி மேற்பக்கத்தில் முன்னோக்கியும் கீழ்ப்பக்கத்தில் பின்னோக்கியும் ஓடுவதை மறத்தலாகாது. கவ்வியை மாறிப் பொருத்தினால் அது தெறித்துப்போகக்கூடும். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்னும் பழமொழி இச்சிறு கவ்விக்கும் பொருந்தும்.

இறுதியாக, சில்லைச் சுழற்றிச் சங்கிலி மிக இறுகிய இடத்தைக் கண்டு, கீழ்ப்பக்க நடுவில் தளர்வைச் சரிசெய்ய வேண்டும். பின்புறச் சுருள்வில் இல்லாத பழைய வண்டிகளுக்கு முக்கால் அங்குலம் போதும். இரு சில்லுகளும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று நூல் பிடித்துப் பார்த்தல் வேண்டும். பின்சில்லு நகர்ந்தபடியால் பிரேக்கையும் மீண்டும் அளவுபடுத்துதல் இன்றியமையாதது. இவ்வளவும் செய்து முடித்தவர் கடுகண்ணாவை இறக்கத்தில் அச்சமின்றி இறங்கலாம்.