பழைய வேனை மின்னூர்தியாக மாற்றுதல்

பழைய வேனை மின்னூர்தியாக மாற்றுதல் என்பது, பெட்ரோல் அல்லது டீசலால் இயங்கிய வேனிலிருந்து பொறி, எரிபொருள் தொட்டி, புகைபோக்கி ஆகியவற்றை அகற்றி, மின்னோடியையும் மின்கலத் தொகுதியையும் பொருத்துவதாகும். உடற்கூடும் இருக்கைகளும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். இவ்வாறு மாற்றப்படும் வேன்களுள் ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் டைப் 2 நன்கு அறியப்பட்டது.

டைப் 2 வேன்

1950 இல் உற்பத்தி தொடங்கிய இவ்வேனின் பொறி பின்புறத்தில் அமைந்தது, காற்றால் குளிர்விக்கப்படுவது. ஆகவே கழற்றுவதற்கு நீர்க்குழாய்களோ வெப்பம் தணிக்கும் ரேடியேட்டரோ இல்லை. தொடக்கக் கால வகைகளில் நான்கு திருகாணிகளைக் கழற்றினால் பொறி பற்சக்கரப் பெட்டியிலிருந்து பிரிந்துவிடும். அவ்விடத்தில் ஓர் இணைப்புத் தகட்டின் துணையுடன் மின்னோடி பொருத்தப்படுகிறது.

மின்கலமும் எடையும்

மின்னோடியைப் பொருத்துவது இப்பணியின் எளிய பகுதியே. கடினமானது மின்கலம். வோக்ஸ்வேகன் நிறுவனமே 1970களில் டைப் 2 இன் மின்சார வகையொன்றை உருவாக்கியது. அதன் ஈய-அமில மின்கலம் ஏறத்தாழ 850 கிலோகிராம் எடையுள்ளது, 21.6 கிலோவாட் மணி ஆற்றலைத் தேக்கியது. ஒரு மின்னேற்றத்தில் சுமார் 85 கிலோமீட்டர் வரையே செல்ல இயன்றது. சரக்கேற்றுவதற்கான ஊர்தி, தன் மின்கலத்தையே முதற்சரக்காகச் சுமந்தது எனலாம்.

அதே நிறுவனத்தின் வணிக ஊர்திப் பிரிவு 2020 இல் இ-புல்லி என்னும் வேனை அறிமுகப்படுத்தியது. இது 1966 ஆம் ஆண்டு வேன் ஒன்றை மாற்றியமைத்தது. 32 கிலோவாட் திறனுள்ள பொறி அகற்றப்பட்டு 61 கிலோவாட் மின்னோடி வைக்கப்பட்டது. தரையின் கீழுள்ள 45 கிலோவாட் மணி லித்தியம் அயனி மின்கலம், 200 கிலோமீட்டருக்கு மேல் செல்ல உதவுகிறது. அதாவது 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 22 கிலோவாட் மணி செலவாகிறது. பெட்டி போன்ற முன்முகம் காற்றை எதிர்த்துச் செல்வதால், நெடுஞ்சாலையில் வேகம் கூடும்போது இச்செலவு விரைவாக உயரும்.

பிற மாற்றங்கள்

மின்னோடி நின்ற நிலையிலேயே முழுத் திருப்புவிசையைத் தரவல்லது. குறைந்த திறனுக்கென வடிவமைக்கப்பட்ட பழைய பற்சக்கரப் பெட்டி அதைத் தாங்காமற் போகலாம் என்பதால், கட்டுப்படுத்தி வழியே விசை மட்டுப்படுத்தப்படும். இ-புல்லியிலோ ஒற்றைப்பல்லிணைப் பெட்டி, புதிய அச்சுகள், புதிய திசைமாற்றி, வட்டுத் தடுப்பிகள் எல்லாம் பொருத்தப்பட்டன. அதனைப் பழைய வேன் என்பதைவிடப் பழைய உடலில் புதிய வேன் என்பதே பொருந்தும்.

தடுப்பிகளைக் கருதாது விடுவது ஆபத்தானது. பொறியின் உறிஞ்சுவிசையால் துணைபெறும் தடுப்பிகளுள்ள வேன்களில், பொறி போனவுடன் அத்துணையும் போய்விடும். தனி மின்வெற்றிடப் பம்பு தேவைப்படும். டைப் 2 இல் உட்புற வெப்பமும் பொறியின் புகைக்குழாய்களிலிருந்தே வந்தது. அதற்கு மாற்றாக வைக்கப்படும் மின்வெப்பமூட்டி, குளிர்காலத்தில் செல்தொலைவைக் கணிசமாகக் குறைக்கும்.

விளக்குகளுக்கும் துடைப்பான்களுக்கும் வேண்டிய தாழ்மின்னழுத்தம், முதன்மை மின்கலத்திலிருந்து மாற்றி ஒன்றின் மூலம் பெறப்படும். முதன்மைச் சுற்றிலுள்ள உயர் மின்னழுத்தம் உயிரைப் பறிக்கக்கூடியது. எனவே உருகி, மோதலின்போது இணைப்பைத் துண்டிக்கும் தொடுவி, ஒவ்வொரு கலத்தின் மின்னழுத்தத்தையும் வெப்பநிலையையும் கண்காணிக்கும் மேலாண்மை அமைப்பு ஆகியன இன்றியமையாதவை. மின்கலத்தைத் தாங்க வேண்டியது தரைச்சட்டமே ஆகையால், துருவைச் சீர்செய்யாமல் மின்கலம் வாங்குவது வீண்செலவு.

சட்ட ஏற்பு

மாற்றப்பட்ட வேனைச் சாலையில் ஓட்ட அந்தந்த நாட்டின் ஏற்பு தேவை. பிரான்சில் 2020 மார்ச் 13 ஆம் நாளிட்ட ஆணை இதற்கு வழிவகுத்தது. அதன்படி, மாற்றத்திற்குப் பின் ஊர்தியின் எடை முன்னிருந்ததிலிருந்து 20 விழுக்காட்டிற்கு மேல் வேறுபடலாகாது. 850 கிலோகிராம் மின்கலத்துடன் டைப் 2 போன்ற வேன் இவ்வரம்பிற்குள் அடங்குவது அரிது.