எலும்பு செதுக்கும் யந்திரக் கை

இடுப்பு மூட்டு தேய்ந்து நொண்டும் நாய்களுக்குச் சிகிச்சை செய்து வந்த ஒரு மிருக வைத்தியர், மனிதர்களின் எலும்பை யந்திரம் கொண்டு செதுக்கும் புதுமைக்கு வழி திறந்துவிட்டார் என்றால் வாசகர்கள் நம்பத் தயங்குவார்கள். ஆனால் அது கட்டுக்கதையல்ல. அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்துச் சாக்ரமெண்டோ நகரில் நடந்த சம்பவம். அந்த மிருக வைத்தியரின் பெயர் ஹோவர்டு பால். அவருடன் கூட்டுச் சேர்ந்தவர் வில்லியம் பார்கர் என்ற எலும்பு ரண சிகிச்சை நிபுணர்.

இருவருக்கும் இருந்த மனக்குறை ஒன்றே. இடுப்பு மூட்டு அடியோடு கெட்டுப் போனால், துடை எலும்பின் தலையை அறுத்தெடுத்துவிட்டு, எலும்பின் நடுவே குடைந்து, ஓர் உலோகத் தண்டைச் செருகுவது வழக்கம். சிமெண்டு பூசாமல் செருகும் தண்டாயிருந்தால், எலும்பே வளர்ந்து அதைக் கவ்விக் கொள்ள வேண்டும். நடுவில் சந்து இருந்தால் கவ்வாது. தண்டை ஆலையில் மயிரிழை பிசகாமல் செய்து அனுப்புகிறார்கள். அது போய் உட்கார வேண்டிய குழியையோ, டாக்டர் அரத்தையும் சுத்தியலையும் வைத்துக் கொண்டு கைத்திட்டமாய்க் குடைய வேண்டியிருக்கிறது. இது பாதி வைத்தியம், பாதி தச்சு வேலை என்று சொன்னால் எலும்பு வைத்தியர்கள் கோபித்துக் கொள்ள மாட்டார்கள்.

குழியையும் யந்திரமே குடைந்தால் என்ன? இந்தக் கேள்வியோடு இருவரும் ஐ.பி.எம். கம்பெனியின் விஞ்ஞானிகளை அணுகினார்கள். டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையும் கை கொடுத்தது. அப்படிப் பிறந்ததுதான் 'ரோபோடாக்'. 'ரோபோ' என்ற பெயரே செக் நாட்டு ஆசிரியர் காரெல் சாபெக் 1920-ல் எழுதிய ஒரு நாடகத்திலிருந்து வந்தது. அவர்கள் மொழியில் 'ரோபோட்டா' என்றால் கட்டாய ஊழியம் என்று பொருள்!

1990-ல் தொடங்கி 26 நாய்களுக்கு இந்த யந்திரம் இடுப்பு எலும்பைக் குடைந்தது. பிறகு மனிதனின் முறை. 1992 நவம்பர் 7-ந் தேதி, சாக்ரமெண்டோ சட்டர் ஜெனரல் ஆஸ்பத்திரியில், இடுப்பு மூட்டு மாற்றுவதற்காக ஒரு ரோபோ முதன்முதலாக மனித எலும்பைக் குடைந்தது. ஹோவர்டு பால் அதற்கு மேல் அதிக நாள் இருக்கவில்லை. 1993-ல் ரத்தப் புற்றுநோயால் காலமானார்.

ஜெர்மனியில் நடந்தது

அமெரிக்க சர்க்கார் இந்த யந்திரத்துக்கு எளிதில் அனுமதி தரவில்லை. 2008-ல்தான் தந்தது. ஆனால் ஜெர்மனி காத்திருக்கவில்லை. 1994-ல் பிராங்பர்ட் நகரில் ஆரம்பித்து, ஆயிரக்கணக்கானவர்களுக்கு இம்முறையில் சிகிச்சை நடந்தது. மனிதக் கை நடுங்கும், யந்திரம் நடுங்காது என்ற பேச்சு ஜனங்களைக் கவர்ந்ததில் ஆச்சரியமில்லை.

யந்திரம் வேலை செய்த விதத்தைச் சற்றுத் தெரிந்து கொள்ள வேண்டும். முதலில் ஸ்கேன் எடுத்து, எந்த அளவுத் தண்டு, எந்தக் கோணம் என்று கம்ப்யூட்டரில் திட்டம் போடுவார்கள். சிகிச்சை மேஜையில் நோயாளியின் துடை எலும்பை யந்திரத்தோடு அசையாமல் பிணைத்துவிடுவார்கள். அப்புறம் சுழலும் வெட்டுளி தானாக இறங்கிக் குடையும். டாக்டர் பார்த்துக் கொண்டிருப்பார். ஆபத்தென்றால் நிறுத்தும் விசை அவர் கையில் இருக்கும்.

குழி அழகாகத்தான் அமைந்தது. ஆனால் எலும்புக்கு மேலே சதை இருக்கிறதே! 2003-ல் ஜெர்மன் டாக்டர்கள் வெளியிட்ட ஒரு பரீட்சையின் முடிவு, எலும்பு வைத்திய உலகைத் திடுக்கிட வைத்தது. 154 நோயாளிகளில் 80 பேருக்குக் கையாலும், 74 பேருக்கு யந்திரத்தாலும் சிகிச்சை என்று ஏற்பாடு. அந்த 74 பேரில் 13 பேருக்கு யந்திரம் பாதியில் மக்கர் செய்து, டாக்டர்களே கையால் முடிக்க நேர்ந்தது. மீதி 61 பேரில் 11 பேருக்குப் பின்னால் மூட்டு பிசகியது. கையால் செய்து கொண்ட 80 பேரில் பிசகியது 3 பேருக்கே. யந்திரச் சிகிச்சைக்குச் சராசரி 107 நிமிஷம். கைச் சிகிச்சைக்கு 82 நிமிஷம்.

மூட்டு பிசகியும் காலை இழுத்து நடந்தும் அவதிப்பட்ட 8 பேருக்கு மறுபடி ரண சிகிச்சை செய்தார்கள். திறந்து பார்த்தபோது, நடக்கையில் இடுப்பைச் சாயாமல் நிறுத்துகிற பிட்டத்துத் தசைநார் அறுந்திருந்தது. யந்திரத்தின் கணக்கில் எலும்பு இருந்ததே தவிர, சதை இல்லை.

இதே பரீட்சையில் யந்திரத்துக்குச் சாதகமான விஷயமும் உண்டு. இரண்டு கால்களின் நீளம் யந்திரச் சிகிச்சையில்தான் அதிகம் ஒத்திருந்தது. தண்டும் திட்டமிட்ட கோணத்தில் நின்றது. அளவு சரியாயிருந்தும் மனிதர் நொண்டினார் என்பதுதான் இதிலுள்ள விசித்திரம்.

வழக்குகள் கிளம்பின. 1995-ல் இம்முறையில் சிகிச்சை செய்து கொண்டு நரம்பு பாதிக்கப்பட்ட ஒரு பெண்மணியின் வழக்கு, கார்ல்ஸ்ரூஹே நகரிலுள்ள ஜெர்மன் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2006 ஜூனில் தீர்ப்பு வந்தது. புது முறையைக் கையாளும் டாக்டர், இன்னும் தெரியவராத ஆபத்துகளும் இதில் இருக்கக்கூடும் என்று நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும் என்றார்கள் நீதிபதிகள். ஆனாலும் அந்தப் பெண்மணிக்கு நஷ்ட ஈடு கிடைக்கவில்லை. நரம்பு பாதிக்கப்படலாம் என்று அவருக்கு முன்பே எச்சரிக்கை செய்திருந்தார்களாம். சட்டம் பிழைத்தது; அம்மையார் வெறுங்கையோடு திரும்பினார்.

மூக்கணாங்கயிறு போட்ட யந்திரம்

இன்று ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் காணப்படும் ரோபோ வேறு ரகம். இதில் வாளைப் பிடிப்பவர் டாக்டரே. யந்திரக் கை அதைத் தாங்கி நிற்கிறது. திட்டம் போட்ட எல்லைக்குள் வாள் தாராளமாய் ஓடும். எல்லையைத் தாண்டப் பார்த்தால், மூக்கணாங்கயிற்றைச் சுண்டியதுபோல் யந்திரம் இழுத்து நிறுத்திவிடும். பக்கத்திலுள்ள தசைக்கும் நாருக்கும் இது காவல். 2006-ல் அமெரிக்காவில் முழங்கால் மூட்டின் ஒரு பாதியை மட்டும் மாற்றும் சிகிச்சையில் இவ்வகை நுழைந்தது. பிறகு முழு மூட்டுக்கும் இடுப்புக்கும் பரவியது.

பலன் என்ன? இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஒரே நேர்கோட்டில் அமைவது முழங்கால் சிகிச்சையில் முக்கியம். அந்தக் கோடு அதிகமாய்ச் சாய்ந்து போவது யந்திர உதவியால் குறைகிறது. ஸ்காத்லாந்தில் கிளாஸ்கோ நகரில் 139 பேரை வைத்து, பாதி மூட்டு மாற்றுவதில் இரு முறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முதல் எட்டு வாரங்களில் யந்திரத்தால் செய்து கொண்டவர்களுக்கு வலி கணிசமாய்க் குறைந்திருந்தது. ஆனால் ஓராண்டு ஆனதும் இரு சாராரும் ஏறத்தாழ ஒரே நிலைக்கு வந்துவிட்டார்கள்.

கொரியாவில் இன்னும் பெரிய பரீட்சை நடந்தது. 1,406 பேருக்கு முழு முழங்கால் மூட்டு மாற்றி, பத்து வருஷத்துக்கு மேல் கவனித்தார்கள். இங்கே குடைந்தது பழைய ரோபோடாக்கேதான். 2020-ல் முடிவு வெளியாயிற்று. நடையிலும் சரி, வலியிலும் சரி, மூட்டு உழைத்த காலத்திலும் சரி, குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பதினைந்து வருஷத்தில் நூற்றுக்கு 98 மூட்டுகள் இரண்டு பக்கமும் நிலைத்திருந்தன. கை தேர்ந்த டாக்டருக்கு யந்திரம் என்ன கூட்டிக் கொடுக்கிறது என்ற கேள்வி இதனால் எழுகிறது. வருஷத்துக்குச் சில மூட்டுகளே மாற்றுகிற டாக்டருக்கு அது அதிகம் உதவலாம் என்ற வாதமும் இருக்கிறது. அது நியாயமான வாதந்தான்.

சில்லறைச் சங்கடங்களும் இல்லாமலில்லை. கால் எங்கே இருக்கிறதென்று காமிராவுக்குத் தெரிவிக்க, துடை எலும்பிலும் கணைக்கால் எலும்பிலும் ஆணிகள் இறக்கி அடையாளக் கம்பி பொருத்துகிறார்கள். அபூர்வமாக, அந்தத் துவாரத்தில் சீழ் பிடிப்பதும் எலும்பு முறிவதும் உண்டு. ஸ்கேன் தேவைப்படும் யந்திரமானால் கதிர்வீச்சும் கொஞ்சம் கூடுகிறது. டாக்டருக்குப் பழகும் வரையில், நோயாளி மேஜையில் கிடக்கும் நேரமும் நீளும்.

பணச் சங்கடம் சில்லறையல்ல. யந்திரத்தின் விலை கோடிக்கணக்கில். அநேகமாக அதை விற்கும் கம்பெனியேதான் செயற்கை மூட்டையும் விற்கிறது. நமது நாட்டில் 2017 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு உச்ச விலை நிர்ணயித்தது. அது மூட்டுக்குத்தான், ரோபோவுக்கென்று பில்லில் ஏறும் தொகைக்கல்ல. சென்னையிலும் கோவையிலும் தனியார் ஆஸ்பத்திரிகள் ரோபோவைக் காட்டி விளம்பரம் செய்யும் இந்நாளில், மூட்டு வலிக்காரரின் குடும்பத்தார் அந்தத் தொகையைத் தனியாக எழுதித் தரச் சொல்லிப் பார்த்துக் கொள்வது நல்லது.

டாக்டர் இந்த யந்திரத்தில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், யந்திரம் இல்லாமல் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்ற இரண்டையும் கேட்கலாம். இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. ஜெர்மனியில் யந்திரம் நின்றுபோன அந்த 13 பேருக்கும், அரத்தையும் சுத்தியலையும் எடுத்து வேலையை முடித்துக் கொடுத்தவர்கள் டாக்டர்களே.