பூனைக்குட்டியும் குரங்குக்குட்டியும் செஞ்சிக்கு வந்த பாதிரியும்

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி ஏறப் போகிறவர் கையில் தின்பண்டப் பொட்டலம் இருந்தால், அடிவாரத்திலேயே அதைப் பறிகொடுக்க நேரலாம். பறிப்பவை குரங்குகள். அவற்றில் குட்டிக்காரி ஒன்றைச் சற்று நேரம் கவனியுங்கள். இடிந்த மதிலிலிருந்து அடுத்த மதிலுக்கு அது தாவும்போது குட்டி தாயின் வயிற்றடியில் மல்லாந்து தொங்குகிறது. இரண்டு கைகளும் இரண்டு கால்களும் தாயின் ரோமத்தைக் கொத்துக் கொத்தாகப் பற்றியிருக்கின்றன. பாய்ச்சலின் அதிர்ச்சியில் உடல் குலுங்குகிறது, விரல்கள் மட்டும் அவிழவில்லை. தாய்க்குத் தாவ நான்கு கைகால்களும் வேண்டும். ஆகவே விழாமல் இருப்பது குட்டியின் பொறுப்பு.

அந்தப் பிடியைக் குட்டி யோசித்துப் பிடிப்பதில்லை. உள்ளங்கையில் ஏதாவது உராய்ந்தால் விரல்கள் தாமாக மடங்கும் அனிச்சைச் செயல் அது. நம் குழந்தைகளுக்கும் அது உண்டு. 1891-இல் லூயி ராபின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர், பிறந்து ஒரு மாதத்துக்கு உட்பட்ட 60-க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஒரு கைத்தடியைப் பிடிக்க வைத்துத் தொங்கவிட்டுப் பார்த்தார். இன்றைக்குச் செய்தால் போலீஸ் வரும். இருவரைத் தவிர அத்தனை குழந்தைகளும் குறைந்தது பத்து நொடி தம் முழு எடையையும் தாங்கித் தொங்கின. பற்றிக்கொள்ள ரோமம் இல்லாத தாய்க்குப் பிறந்த குழந்தைக்கு இந்தப் பிடி எதற்கு? மரத்தில் வாழ்ந்த முன்னோர் விட்டுப்போன சொத்து என்று சொல்லி நகர்ந்தார் ராபின்சன்.

இதே பிடியை வைத்துத் தமிழ்நாட்டு வைணவர்கள் சில நூற்றாண்டுகளாக ஒரு வழக்கு நடத்தியிருக்கிறார்கள். கடவுள் உயிரைக் காப்பாற்றும்போது, காப்பாற்றப்படும் உயிர் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா? உண்டு, குரங்குக்குட்டி தாயைப் பற்றுவதுபோல் நாமும் இறைவனைப் பற்ற வேண்டும் என்பது மர்க்கட நியாயம். இல்லை, பூனை தன் குட்டியைப் பிடரியில் கவ்வித் தூக்கிப் போகிறது, குட்டி எதையும் பற்றுவதில்லை, நம் நிலையும் அதுதான் என்பது மார்ஜார நியாயம். வடகலையார் முதலாவதையும் தென்கலையார் இரண்டாவதையும் தமதாக்கிக்கொண்டார்கள். குட்டியை ஏழு வீடு மாற்றும் பூனையை எல்லோரும்தான் பார்த்திருக்கிறோம். அதிலிருந்து மோட்சத்துக்கு வழி கண்டவர்கள் இவர்கள்.

உவமை எளிது, உள்ளே இருக்கும் வாதம் எளிதல்ல. வடகலையார் பின்பற்றும் வேதாந்த தேசிகர் (1268–1369) வழியில், இறைவனின் அருள்தான் காக்கிறது. ஆனாலும் அந்த அருள் பாய உயிரின் பக்கம் ஒரு ‘வியாஜம்’, அதாவது ஒரு சாக்கு, வேண்டும். சரணாகதி அந்தச் சாக்கு. தென்கலையார் பின்பற்றும் பிள்ளை லோகாசாரியர் வழியில் சரணாகதியைக்கூட நாம் செய்த ஒரு சாதனையாகக் கணக்கில் எழுதக் கூடாது. வருகிற அருளை மறுக்காமல் இருந்தால் போதும்.

மீண்டும் செஞ்சிக்கு வருவோம். 1597-இல் அதை ஆண்ட இரண்டாம் கிருஷ்ணப்ப நாயக்கர் வைணவர். ஊருக்குச் சில கிலோமீட்டர் தள்ளி, சிங்கவரத்துக் குடைவரையில் பள்ளிகொண்ட ரங்கநாதர் பல்லவர் காலம் முதலே இருக்கிறார். அந்த ஆண்டில் நாயக்கர் சிதம்பரம் சிவன் கோயிலுக்குள் கோவிந்தராசப் பெருமாள் சந்நிதித் திருப்பணியில் மும்முரமாக இருந்தார். தில்லை தீட்சிதர்கள் எதிர்த்தார்கள். சிலர் கோபுரத்தில் ஏறிக் குதித்து உயிரை விட்டார்கள். இந்தக் கொடுமையை எழுதி வைத்தவர் சைவரும் இல்லை, வைணவரும் இல்லை. அந்தச் சமயத்தில் நாயக்கரைப் பார்க்க வந்திருந்த போர்த்துக்கீசிய இயேசு சபைப் பாதிரியார் நிக்கோலா பிமென்டா.

பிமென்டா இந்தியாவில் இயேசு சபையின் பணிகளை மேற்பார்க்க அனுப்பப்பட்டவர். சிதம்பரத்திலிருந்து செஞ்சிக்கு வந்தவர் அசந்துபோனார். இந்தியாவில் தான் கண்ட நகரங்களில் இதுவே பெரியது, லிஸ்பனை விட்டால் போர்ச்சுகலிலும் இதற்கு ஈடு கிடையாது என்று எழுதினார். இன்று மூன்று மலையும் தானியக் களஞ்சியங்களும் ஆளில்லாத மதிலுமாகக் கிடக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு இதைப் படித்தால் நம்பக் கொஞ்சம் சிரமம். நாயக்கர் பாதிரிகளை மரியாதையாக வரவேற்றார். வெள்ளாற்று முகத்தில் தான் அமைத்துவந்த புதிய பட்டணத்தில் அவர்கள் கோயில் கட்டிக்கொள்ள அனுமதியும் கொடுத்தார். பிமென்டாவின் கடிதங்கள் 1601-இல் ஐரோப்பாவில் அச்சேறின.

அவர் கொண்டுவந்த செய்தி என்ன? மனிதன் பாவத்தால் கடவுளை விட்டு விலகிப் போனவன். அந்தத் தூரத்தைத் தன் புண்ணியத்தால் கடக்க அவனால் ஆகாது. கடவுளின் மகனாகிய இயேசு மனிதனாகப் பிறந்து, போந்தியு பிலாத்து ஆளுநராக இருந்த நாளில் எருசலேமில் சிலுவையில் இறந்து, மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார். மனிதனால் தீர்க்க முடியாத கடனை அந்தச் சாவு தீர்த்தது. அவரை விசுவாசித்து, அதாவது அவர்மேல் முழுப் பாரத்தையும் போட்டு, அந்த இரட்சிப்பைப் பெறுகிறான் மனிதன். இது கூலி இல்லை, கொடை.

இவ்வளவில் கிறிஸ்தவர்களுக்குள் சண்டை இல்லை. சண்டை தொடங்குவது அடுத்த கேள்வியில். கொடையை வாங்குகிறவன் கையை நீட்ட வேண்டாமா? நீட்டினால் அது அவன் செய்த வேலை ஆகிவிடாதா?

மார்ட்டின் லூத்தர், கடவுள் முன் மனிதனுக்குக் கிடைக்கும் நீதி முழுக்க முழுக்க வாங்கிக்கொள்ளும் நீதி என்றார். அவர் வழி வந்தவர்கள் 1577-இல் வகுத்த கோட்பாட்டு ஆவணம், மனந்திரும்புவதில் மனிதன் தன் பங்குக்குக் கல்லையும் மரக்கட்டையையும் போன்றவன் என்கிற அளவுக்குப் போனது. கத்தோலிக்கத் திருச்சபை அதற்கு 30 ஆண்டு முன்பே, 1547 ஜனவரியில் திரெந்து பொதுச்சங்கத்தில், நேர் எதிராக விதி எழுதியிருந்தது: கடவுள் தொடும்போது மனித சித்தம் உயிரற்ற பொருளைப்போல் ஒன்றும் செய்யாமல் கிடக்கிறது என்பவன் சபைக்குப் புறம்பானவன். ஒரு பக்கம் பூனைக்குட்டிகூட இல்லை, கல். மறுபக்கம், பற்றிக்கொள்ள ஒரு விரலாவது மடங்க வேண்டும்.

கத்தோலிக்கர்களுக்குள்ளும் இது அடங்கவில்லை. இயேசு சபையின் லூயிஸ் தே மொலினா 1588-இல் லிஸ்பனில் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். கடவுள் அருளைத் தருகிறார், மனிதன் சுதந்திரமாக இசைவதால் அது பலிக்கிறது என்பது அதன் சாரம். தோமினிக்கன் சபையின் தொமிங்கோ பான்யெஸ் பாய்ந்தார்: இசைவும் கடவுள் அசைத்த அசைவே, மனிதன் இசைந்த பின்தான் அருள் பலிக்கும் என்றால் கடவுள் மனிதனுக்காகக் காத்திருக்கிறவர் ஆகிவிடுவார். ஸ்பெயினில் இரண்டு சபைகளும் மேடை போட்டு அடித்துக்கொண்டதில், திருத்தந்தை எட்டாம் கிளமெண்ட் வழக்கை ரோமுக்கு எடுத்தார். விசாரணைக் குழு 1598-இன் தொடக்கத்தில் கூடியது.

நாட்காட்டியைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். மொலினாவின் சபையைச் சேர்ந்தவர், மொலினாவின் நூல் அச்சான நாட்டில் பிறந்தவர், ரோமில் அந்த வழக்கு கூடும் சமயத்தில் ஒரு வைணவ நாயக்கரின் அரசவையில் உட்கார்ந்திருக்கிறார். குரங்கா, பூனையா என்று வடமொழியிலும் மணிப்பிரவாளத்திலும் ஏடு ஏடாக வாதாடியவர்களின் நாடு அது. பிமென்டா அங்கே கண்டது செல்வத்தையும் சிலை வணக்கத்தையும்தான். தன் சபையின் தலைக்கு மேல் தொங்கும் கேள்வியே இங்கேயும் தொங்குகிறது என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. வாய்ப்பு நழுவியது என்றுதான் எனக்குப் படுகிறது. அவருக்கு முன் அதே பொறுப்பை வகித்த அலெசாந்த்ரோ வாலிஞானோ ஜப்பானில் இதைக் கவனித்துவிட்டார். அமிதா புத்தரின் பெயரை நம்பிக்கையோடு சொன்னால் போதும் என்ற பௌத்தர்களைப் பார்த்ததும், இது லூத்தரின் கொள்கை அல்லவா என்று எரிச்சலோடு எழுதினார்.

வைணவமும் கிறிஸ்தவமும் சொல்வது ஒன்றுதான் என்று சொல்லிவிட ஆசை வரும். சொல்லக் கூடாது. வைணவருக்குச் சிக்கல் கர்மமும் பிறவித் தொடரும். கிறிஸ்தவருக்குச் சிக்கல் பாவமும் அதன் குற்றப்பொறுப்பும்; தீர்வு சரித்திரத்தில் ஒரே ஒரு முறை நடந்த சிலுவைச் சாவு. அதை எடுத்துவிட்டால் விசுவாசம் என்பதற்கு அங்கே பொருளே இல்லை. ஒத்துப்போவது கேள்வியின் அமைப்பு: காப்பாற்றப்படுகிறவனின் பங்கு எவ்வளவு?

இந்த இடத்தில் பூனைக்குட்டியை நெருங்கிப் பார்க்க வேண்டும். கல்லைத் தூக்கினால் அது கல்லாகவே கிடக்கும். பூனைக்குட்டி அப்படி இல்லை. தாய் பிடரியைக் கவ்விய மாத்திரத்தில் அதன் கத்தல் நிற்கிறது, பின்னங்கால்கள் வயிற்றோடு மடிகின்றன, வால் சுருண்டு உள்ளே போகிறது. கையும் காலும் பரப்பிக்கொண்டு திமிறும் குட்டியைக் கவ்விக்கொண்டு சுவர் ஏறுவதையும் பொட்டலமாகச் சுருண்டதைக் கவ்விக்கொண்டு ஏறுவதையும் ஒப்பிட்டால் காரணம் புரியும்.

ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் குமி குரோடாவின் குழு இதை எலிக்குஞ்சுகளிடம் சோதித்து 2013-இல் ‘கரன்ட் பயாலஜி’ இதழில் வெளியிட்டது. பிடரித் தோலைப் பற்றித் தூக்கியதும் குஞ்சின் துள்ளல் அடங்கியது, கத்தல் குறைந்தது, இதயத் துடிப்பு தணிந்தது. ஆறு மாதத்துக்குக் குறைந்த மனிதக் குழந்தைகளிடமும் அதே கதை: தாய் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அழுகிற குழந்தை, தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கியதும் சில நொடிகளில் அடங்கியது. இதயத் துடிப்பும் இறங்கியது. நம் வீட்டுப் பாட்டிகளுக்கு இது செய்தியே இல்லை. செய்தி அடுத்தது. குஞ்சு அடங்குவதற்குப் பிடரித் தோலின் தொடு உணர்வும், தன் உடல் எப்படி இருக்கிறது, எங்கே நகர்கிறது என்று அறியும் உணர்வும் தேவை. உடலை ஒடுக்கி வைத்துக்கொள்ளச் சிறுமூளை வேலை செய்ய வேண்டும். இந்த உணர்வுகளை ஆய்வாளர்கள் தடுத்ததும் குஞ்சு திமிறியது. ஒரு குவளைக்குள் மாட்டிய அப்படிப்பட்ட குஞ்சை மீட்க, தாய் எலிக்குக் கூடுதல் நேரம் பிடித்தது.

ஆக, ‘சும்மா இருப்பது’ சும்மா நடப்பதில்லை. தோலும் நரம்பும் சிறுமூளையும் இதயமும் கூடிச் செய்கிற காரியம் அது. ஆனாலும் தூக்குவது தாய்தான். குட்டி ஓர் அங்குலம்கூடத் தன்னைத் தூக்கிக்கொள்ளவில்லை. தாய் தொட்டதால்தான் அந்த அடக்கமே வந்தது. குரங்குப் பக்கமும் கணக்கு இப்படியே குழம்புகிறது. குட்டி பிறந்த முதல் சில நாட்களில் தாய்க்குரங்கு ஒரு கையால் அதை மார்போடு அணைத்துக்கொண்டு மூன்று காலில் நொண்டி நடக்கும். பிடி தளரும் சிசுவைத் தாயும் பிடிக்கிறாள். உயிரியல் இறையியலுக்குச் சாட்சி சொல்ல முடியாதுதான். ஆனால் உவமை சொன்னவர்கள் நினைத்ததைவிட அந்த இரண்டு விலங்குகளும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் நிற்கின்றன.

இறையியலாளர்களும் ஏறக்குறைய இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள், நானூறு ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டு. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்கில் லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. அதன்படி, மனிதன் ‘ஒத்துழைக்கிறான்’ என்று கத்தோலிக்கர் சொன்னால், அந்த இசைவே அருளின் விளைவு என்று பொருள். தன் சொந்தச் சக்தியில் செய்தது அல்ல. மனிதன் ‘வெறுமே பெற்றுக்கொள்கிறான்’ என்று லூத்தரன்கள் சொன்னால், மீட்புக்கு அவன் பங்களிப்பதை மறுக்கிறார்கள். அவன் முழு ஆளாக விசுவாசத்தில் ஈடுபடுவதை மறுக்கவில்லை. டேனிஷ் மிஷனரிகளின் வழியாகப் பழைய தென்னார்க்காட்டில் வேர்விட்ட ஆற்காடு லூத்தரன் திருச்சபையும் அந்தச் சம்மேளனத்தின் உறுப்பு. 2006-இல் மெதடிஸ்டுகளும், 2017-இல் சீர்திருத்த சபைகளின் உலகக் கூட்டமைப்பும் அறிக்கையோடு சேர்ந்துகொண்டன.

மொலினாவும் பான்யெஸும் தொடங்கிய வழக்குதான் பாக்கி. இரண்டு திருத்தந்தையர் முன்னிலையில் 85 அமர்வுகள் நடந்தன. வழக்கைத் தொடங்கிய இருவருமே அதற்குள் காலமாகிவிட்டார்கள். 1607-இல் ஐந்தாம் பவுல் இரு சபைகளையும் அனுப்பிவைத்தார்: ஒருவர் மற்றவரைத் திருச்சபைக்குப் புறம்பானவர் என்று ஏசக் கூடாது, தீர்ப்பு உரிய காலத்தில் சொல்லப்படும். அதன் பிறகு எத்தனையோ திருத்தந்தையர் வந்துபோய்விட்டார்கள். அந்தத் தீர்ப்பு இன்னும் வெளிவரவில்லை.