வண்டி ஓட்டத் தெரியும், லைசன் ஏன் கிடைக்கவில்லை?



அண்மையில் ஒரு தோட்டத்தில், பெரட்டுக்களத்துக்குப் பக்கத்தில் முச்சக்கர வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு தம்பியிடம், "லைசன் எடுத்தாச்சா?" என்று கேட்டேன். "ரெண்டு தரம் எழுதிட்டேங்க. பாஸாகல்ல. ஆனா வண்டி ஓட்டச் சொல்லுங்க, கண்ணைக் கட்டிக்கிட்டு ஓட்டுவேன்" என்றார். பொய் சொல்லவில்லை. நன்றாகத்தான் ஓட்டுகிறார். அந்த வண்டி லீசிங்கில் எடுத்தது. அம்மாவின் கொழுந்துச் சம்பளத்திலிருந்துதான் தவணை போகிறது.

நாளைக்கு ஒரு விபத்து நடந்தால் என்ன ஆகும்? லைசன் இல்லாதவர் ஓட்டிய வண்டிக்குக் காப்புறுதிக் கம்பனி நட்டஈடு தர மறுக்கலாம். லீசிங் தவணை மட்டும் நிற்காது. பொலிஸ் வழக்கு ஓட்டினவர் மேல் மட்டுமல்ல, லைசன் இல்லாதவர் கையில் வண்டியைக் கொடுத்த உரிமையாளர் மேலும் வரும். வண்டி அம்மா பெயரில் இருந்தால் அம்மாவும் நீதிமன்றம் போக வேண்டியதுதான்.

நம் பிள்ளைகள் பலருக்கு ஓட்டுவது கஷ்டமில்லை. அவர்கள் தடுக்கி விழுவது கடதாசியில். ஆகவே கடதாசியிலிருந்தே ஆரம்பிப்போம்.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விண்ணப்பிக்கும்போது அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனத்தின் மருத்துவச் சான்றிதழ் ஆகியவை வேண்டும். இதில் நமக்கு வழக்கமாக வரும் வில்லங்கம் பெயர்தான். பிறப்புச் சான்றிதழில் லெச்சுமி, பாடசாலையில் லெட்சுமி, அடையாள அட்டையில் இலட்சுமி! சிங்களத்தில் பதியும்போது ஒலி மாறி, அதைத் திரும்பத் தமிழில் எழுதும்போது இன்னொரு பெயராகிவிடுகிறது. தகப்பன் பெயரும் இப்படித்தான். விண்ணப்பிக்கப் போகிற அன்றைக்கு இதைக் கண்டுபிடித்தால் பஸ் காசும் ஒரு நாள் சம்பளமும் போய்விடும். இப்போதே எல்லாக் கடதாசியையும் ஒரு பாயில் பரப்பி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் பிரதேச செயலகத்தின் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் திருத்தம் கேட்கலாம். பிறப்புப் பதிவே இல்லாதவர்கள் உத்தேச வயதுச் சான்றிதழ் பற்றி அங்கேயே விசாரியுங்கள். அடையாள அட்டை இன்னும் எடுக்காதவர்கள், தோட்டத்தில் குடியிருந்தால், அந்த விண்ணப்பத்தைத் தோட்ட அத்தியட்சகர் மூலம் உறுதிப்படுத்தி அனுப்பலாம். துரை கையெழுத்துக்கு நாளாகும் என்று சொல்வார்கள். அதனால்தான் முதலிலேயே தொடங்கச் சொல்கிறேன்.

வயது, மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி, கார் போன்றவற்றுக்கு 18. பஸ், பெரிய லொறி போன்ற கனரக வாகனங்களுக்கு 21. எந்த வாகனத்துக்கு லைசன் வேண்டும் என்பதையும் முதலிலேயே யோசியுங்கள். மோட்டார் சைக்கிள் ஏ வகுப்பு, முச்சக்கர வண்டி பி1 வகுப்பு. சைக்கிள் லைசனைக் காட்டி முச்சக்கர வண்டி ஓட்ட முடியாது.

இனி எழுத்துப் பரீட்சை. 40 கேள்விகள், விடைகள் கீழே கொடுக்கப்பட்டிருக்கும், சரியானதைத் தெரிவு செய்ய வேண்டும். தமிழிலேயே எழுதலாம். விண்ணப்பிக்கும்போதே தமிழ் மொழி மூலம் என்று சொல்லிவிடுங்கள். டவுனில் உள்ள சில பயிற்சிப் பாடசாலைகளில் வகுப்பு சிங்களத்தில் நடப்பதால், "அதிலேயே எழுது" என்பார்கள். பேசத் தெரிவது வேறு, வாசித்து விளங்குவது வேறு.

ஆனால் தமிழில் எழுதினாலும் ஒரு தடை உண்டு. அந்தத் தம்பி தோற்றதும் அதில்தான். வினாத்தாளில் வரும் தமிழ் நாம் பேசுகிற தமிழ் அல்ல. நாம் மஞ்சக்கோடு என்பதை அங்கே பாதசாரிக் கடவை என்று போட்டிருப்பார்கள். ஓவர்டேக் பண்ணுவது முந்திச் செல்லல். ரயில் கேட் புகையிரதக் கடவை. ரவுண்டபோட் சுற்றுவட்டம். அங்கே வலது பக்கமிருந்து வருகிற வண்டிக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று தம்பிக்குத் தெரியும், தினமும் கொடுக்கிறார். சுற்றுவட்டம் என்ற சொல்தான் தெரியவில்லை! நிறுத்துதல், தரித்தல் என்ற இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். ஆளை இறக்கிவிட்டு உடனே போவது ஒன்று, வண்டியை விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவது மற்றது.

இதற்கு ஒரு நல்ல வழி, வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கிற தங்கச்சியோ மகளோ இருந்தால், இரவில் அரை மணித்தியாலம் புத்தகத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்பது. அவளுக்குச் சொல் தெரியும், உங்களுக்கு ரோட்டுத் தெரியும். (அப்படி வாசித்துக் கொடுக்கிற பிள்ளையே பிறகு லைசன் எடுக்க ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். சட்டத்தில் ஆண் பெண் வித்தியாசம் இல்லை.)

வீதிச் சமிக்ஞைகளில் படத்தைப் பார்க்க முன் வடிவத்தைப் பாருங்கள். சிவப்புக் கரை போட்ட மஞ்சள் சாய்சதுரம் என்றால் எச்சரிக்கை. முன்னால் வளைவு, சரிவு, பாடசாலை இருக்கிறது என்று சொல்கிறது. சிவப்பு வளையம் போட்ட வட்டம் என்றால் தடை அல்லது வரம்பு. நீல வட்டம் என்றால் கட்டாயம் அப்படித்தான் செய்ய வேண்டும். எட்டு மூலை உள்ள சிவப்புப் பலகை, நில். இந்த நான்கும் மனதில் நின்றால், தெரியாத படம் வந்தாலும் பாதி விடை கையில் இருக்கும். வேக எல்லையில் முச்சக்கர வண்டிக்கு மணிக்கு 40 கிலோமீற்றர் என்பதை மறக்கக் கூடாது.

சித்தியடைந்ததும் பயிலுநர் அனுமதிப்பத்திரம் கிடைக்கும். எல் பலகையை முன்னும் பின்னும் மாட்டிப் பழகலாம். அதுவே லைசன் என்று நினைத்து ஹயருக்கு ஆள் ஏற்றாதீர்கள்.

பிறகு ட்ரயல். மோட்டார் சைக்கிளுக்கு எட்டுப் போட வேண்டும். கால் ஊன்றாமல் மெதுவாகப் போவதுதான் அதில் கஷ்டம். நம் பிள்ளைகள் வேகமாகப் போகத்தான் பழகியிருக்கிறார்கள்! ஹெல்மெட், சிக்னல், கண்ணாடி பார்ப்பது எல்லாம் சின்ன விஷயம் போலத் தெரியும். நன்றாக ஓட்டத் தெரிந்தவர்தான் இவற்றை விட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறார்.

ஒரு பழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது. சிலர் இன்ஜினையே நிறுத்திவிட்டு வருகிறார்கள். வண்டி கியரில் இருக்கும்போது இன்ஜினே அதைப் பிடித்து இழுத்து வைக்கிறது. நியூட்ரலில் விட்டால் முழுப் பாரமும் பிரேக்கில்தான். மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறும், பிடிப்புக் குறையும். இன்னும் சூடேறினால் பிரேக் எண்ணெய் கொதித்து, பெடல் தரை வரைக்கும் போகும், வண்டி நிற்காது. ஆகவே எந்தக் கியரில் அந்த மேட்டை ஏறுவீர்களோ, அந்தக் கியரிலேயே இறங்குங்கள். கியரை இறக்கம் தொடங்கும் முன்பே போடுங்கள், பாதி வழியில் தேடாதீர்கள். 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் பஸ்ஸொன்று வேனிலும் முச்சக்கர வண்டியிலும் மோதி 7 பேர் இறந்தது நம் பகுதியில் யாருக்கும் மறந்திருக்காது. அந்த மாதிரியான சரிவுகளில்தான் நம் பிள்ளைகள் தினமும் ஓட்டுகிறார்கள்.

குறுகிய ரோட்டில் ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர் ஒதுங்கி இடம் விட வேண்டும். ஏறுகிற வண்டியை நிறுத்தினால் திரும்ப எடுப்பது கஷ்டம். பனிமூட்டத்தில் பெரிய வெளிச்சம் போட்டால் வெள்ளையாகத் திரும்பி உங்கள் கண்ணில்தான் அடிக்கும், டிம் லைட்டே போதும்.

"காசு கொடுத்தால் பரீட்சை இல்லாமல் எடுத்துத் தருகிறேன்" என்று வருகிற தரகரிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள். போலி லைசன் பிடிபட்டால் அது வேறு வழக்கு, போன காசும் திரும்பாது.

பரீட்சைக்கும் ட்ரயலுக்கும் போகும்போது மூலப் பத்திரங்களைப் பொலித்தீன் பையில் போட்டு எடுத்துப் போங்கள், மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கண்ணாடி போடுகிறவர் கண்ணாடியை மறக்க வேண்டாம். லைசன் கையில் வந்ததும் கவுண்டரை விட்டு நகரும் முன், பெயர், பிறந்த திகதி, வாகன வகுப்பு மூன்றையும் அங்கேயே நின்று வாசித்துப் பாருங்கள். பிழை இருந்தால் அப்போதே சொல்லுங்கள்.