அரங்கைக் கட்டிய நகைச்சுவை நடிகர்

நுழையும்முன்

ஒரு நாடு விடுதலை பெற்றவுடன் அதன் கலைகளும் விடுதலை பெற்றுவிடுவதில்லை. புதிதாகப் பிறந்த அமெரிக்கக் குடியரசில் நாடகத்தைப் பலர் ஐயத்தோடு நோக்கினர். பக்தி மிகுந்தோர் அதனைப் பாவம் என்றனர். விடுதலைப் போராளிகளோ ஆங்கிலேயப் பிரபுக்களின் வீண் பொழுதுபோக்கு என்றனர். அந்த ஐயத்தைத் தம் நடிப்பாலும் நிருவாகத் திறத்தாலும் மாற்றிக்காட்டியவர்களுள் ஒருவர் தாமஸ் விக்னெல்.

தடையோடு தொடங்கிய பயணம்

விக்னெல் ஏறத்தாழ 1753இல் இங்கிலாந்தில் பிறந்தார். அவருடைய தந்தை, புகழ்பெற்ற நடிகர் டேவிட் காரிக்கின் குழுவில் நடித்தவர். உறவினர் லூயிஸ் ஹாலத்தின் குழுவில் சேர்வதற்காக விக்னெல் 1774இல் அமெரிக்கா வந்தார். அதே ஆண்டு அக்டோபரில், குடியேற்றப் பகுதிகளின் பேராளர்கள் கூடிய கண்டப் பேராயம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. பிரிட்டனோடு மோதல் முற்றிய அக்காலத்தில் மக்கள் சிக்கனத்தைப் பேண வேண்டும் என்றும், சூதாட்டம், சேவற்சண்டை ஆகியவற்றோடு நாடகத்தையும் ஊக்குவிக்கக் கூடாது என்றும் அது கூறியது. பிழைப்புக்கு வழியற்ற குழு கடல் கடந்து ஜமைக்கா சென்றது. போர் முடிந்த பின், 1785இல் விக்னெல் நியூயார்க் மேடையில் தோன்றினார்.

அப்போதும் எதிர்ப்பு ஓயவில்லை. பென்சில்வேனியாவில் நாடகத் தடைச் சட்டம் நடைமுறையில் இருந்தது. நடிகர்கள் நாடகங்களை 'நீதி விரிவுரை' என்று விளம்பரப்படுத்தி நடத்த நேர்ந்தது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகமே, பெற்றோர்பால் பிள்ளைக்குரிய பற்றை விளக்கும் அறக்கதையாக வேடம் பூண்டது. அச்சட்டம் 1789இல்தான் நீக்கப்பட்டது.

அடுத்த வீட்டை எட்டிப் பார்த்தவன்

1787 ஏப்ரல் 16 அன்று, நியூயார்க் ஜான் தெரு அரங்கில் ராயல் டைலர் எழுதிய 'தி கான்ட்ராஸ்ட்' நாடகம் அரங்கேறியது. அமெரிக்கக் குடிமகன் ஒருவர் எழுதித் தொழில்முறைக் குழு நடித்த முதல் நகைச்சுவை நாடகம் இதுவே. ஆங்கிலேய நாகரிகத்தைப் போலி செய்யும் நகரத்தாரையும், எளிமை போற்றும் அமெரிக்கரையும் இந்நாடகம் எதிரெதிரே நிறுத்தியது. இதில் ஜோனதன் என்னும் நாட்டுப்புற இளைஞனாக விக்னெல் நடித்தார்.

நாடகக் கொட்டகையைச் சாத்தானின் வீடு என்று நம்பி வளர்ந்தவன் ஜோனதன். வித்தைக்காரனைக் காணக் கிளம்பிய அவன், கூட்டத்தோடு கூட்டமாக ஓர் அரங்கிற்குள் நுழைந்துவிடுகிறான். அங்கே பெரிய பச்சைத் துணி ஒன்று மேலே செல்ல, அடுத்த வீட்டுக் குடும்பத்தின் அந்தரங்கத்தையே காண்பதாக எண்ணிக்கொள்கிறான். வித்தை எதுவும் காட்டவில்லையே என்று கட்டணத்தைத் திருப்பிக் கேட்கிறான். அந்த 'வீட்டில்' தனக்கு மிகவும் பிடித்தவன் டார்பி என்கிறான். டார்பி என்பது வேறொரு நாடகத்தில் விக்னெலே ஏற்றுப் புகழ்பெற்ற வேடம்! நடிகர் தம்மையே அறியாதவர்போலப் புகழ்ந்தபோது அவையோர் சிரித்திருப்பர் என்பதில் ஐயமில்லை. நாடகம் பாவம் என்ற அச்சத்தை, அந்த அச்சம் கொண்டவனையே கதைமாந்தனாக்கி அன்போடு நகையாடியது இக்காட்சி. இந்நாடகத்தின் பதிப்புரிமையை டைலர் விக்னெலுக்கே அளித்தார். அவர் 1790இல் அதனை நூலாக்கியபோது, முன்பதிவு செய்தோர் பட்டியலில் குடியரசுத் தலைவரே முதலிடம் பெற்றார்.

முகத்துதி இல்லாத நகைச்சுவை

1789 நவம்பரில், குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் நாடகம் காண வந்திருந்தார். வில்லியம் டன்லப் எழுதிய சிறு நாடகத்தில், ஊர் திரும்பிய டார்பியாக விக்னெல் நடித்தார். தலைவர் எப்படி இருந்தார், குட்டையா நெட்டையா என்று ஒரு பெண் அவனிடம் வினவுகிறாள். மேடையிலிருந்து தம்மைப் புகழப்போகிறார்கள் என்றெண்ணி வாஷிங்டன் கூச்சமுற்றார். டார்பியோ, பகட்டான ஆடை அணிந்த வேறொருவரைத் தலைவர் என்று கருதிவிட்டதால் உண்மையான தலைவரைக் காணவே இல்லை என்றான். அரிதாகவே சிரிக்கும் வாஷிங்டன் அன்று மனம்விட்டுச் சிரித்ததை டன்லப் பதிவு செய்துள்ளார். மன்னரவையில் முகத்துதி பாடிப் பழகிய கலை, குடியரசில் தன் இயல்பை மாற்றிக்கொண்டதற்கு இந்நிகழ்வு சான்றாகும்.

நிருவாகியின் சோதனைகள்

1791இல் தம் குழுவிலிருந்து விலகிய விக்னெல், இசைக் கலைஞர் அலெக்சாண்டர் ரெய்னேகிளுடன் இணைந்தார். பிலடெல்பியாவின் செஸ்நட் தெருவில், பங்குதாரர்களின் பொருளுதவியால் பெரிய அரங்கம் எழுந்தது. விக்னெல் இங்கிலாந்து சென்று திறமைமிக்க நடிகர்களைத் தேர்ந்து 1793இல் அழைத்து வந்தார். அப்போது பிலடெல்பியா மஞ்சள் காய்ச்சலின் பிடியில் இருந்தது. ஏறத்தாழ ஐயாயிரம் பேர் மாண்டனர். கட்டி முடித்த அரங்கமும் அழைத்து வந்த கலைஞர்களும் இருந்தும் திரை உயரவில்லை. குழுவைக் கலைத்துவிடாமல் காத்த விக்னெல், 1794 பிப்ரவரி 17 அன்று நாடகங்களைத் தொடங்கினார்.

அக்குழுவில் நடித்த சூசன்னா ரோசன், நாவலாசிரியராகவும் நாடக ஆசிரியராகவும் திகழ்ந்தார். 'ஹெயில் கொலம்பியா' என்னும் நாட்டுப்பாடல் 1798இல் இவ்வரங்கிலேயே முதன்முதலில் ஒலித்தது. 1800இல் தலைநகர் வாஷிங்டனுக்கு மாறியபோது, அங்கும் விக்னெலின் குழு நாடகம் நடத்தியது.

திரை விழுந்த பின்

1803 சனவரி முதல் நாள், தம் குழுவின் தலைசிறந்த நடிகை ஆன் பிரன்டன் மெரியை விக்னெல் மணந்தார். அக்கால மருத்துவ வழக்கப்படி குருதி வடித்தபோது உண்டான புண் சீழ்பிடிக்க, ஏழு வாரங்களில் அவர் உயிர் நீத்தார். அவருடைய மனைவியும் ரெய்னேகிளும் நிருவாகப் பொறுப்பை ஏற்றதால் அரங்கம் தொடர்ந்து இயங்கியது. 1820இல் அக்கட்டடம் தீக்கிரையானது. எனினும் ஜோனதன் அழியவில்லை. அவனைப் போன்ற வெள்ளந்தியான, வாய்த்துடுக்குள்ள நாட்டுப்புறத்தான், பின்வந்த அமெரிக்க நாடகங்களில் மீண்டும் மீண்டும் தோன்றினான். மக்கள் தம் முகத்தைத் தாமே கண்டு சிரிக்கத் தொடங்கியபோது, நாடகத்தின் மீதிருந்த அச்சமும் மெல்ல விலகியது.