வில்லின் முதுகில் பாம்புத்தோல்: சட்டம் சொல்வதும் சரியான மாற்றும்

மரவில்லின் வெளிப்பக்கத்தில் பாம்புத்தோலை ஒட்டி மெருகேற்றுவது வட அமெரிக்க வில் கைவினைஞர்களிடம் இன்றும் உள்ள வழக்கம். ஓசேஜ் ஆரஞ்சு, ஹிக்கரி மரங்களில் செதுக்கிய வில்லுக்குக் கிலுகிலுப்பை விரியனின் தோலைப் போர்த்துவது அங்கே அழகுக்கும் அடையாளத்துக்கும் உரிய வேலைப்பாடு. அந்தப் படங்களையும் செய்முறைகளையும் பார்த்து, உள்ளூரில் அகப்படும் சாரைப்பாம்பின் தோலில் அதையே செய்து பார்க்க இங்கும் சிலருக்கு ஆசை வரலாம். இந்தியாவில் அது சிறைக்கு இட்டுச் செல்லும் குற்றம்.

சேலம் மாவட்டம் தம்மம்பட்டியில் இதைத் தெரிந்து வைத்திருப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. கோயில் வாகனம், சுவாமி சிலை, கதவு, நிலை என்று மரச்சிற்பத்துக்குப் பெயர்பெற்று, புவிசார் குறியீடும் பெற்ற ஊர் அது. வாடிக்கையாளர் காட்டும் படத்தைப் பார்த்து அப்படியே செய்து கொடுப்பது அங்கே தொழில் முறை. பக்கத்துக் கொல்லிமலையில் ஆடி மாதம் நடக்கும் வல்வில் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டியும் உண்டு. அலங்கார வில்லோ பயிற்சி வில்லோ கேட்டு ஒருவர் மரச்சிற்பக் கூடத்துக்கு வந்து, மேலே ஒட்டத் தோலையும் கையோடு கொண்டுவந்தால், ஒட்டிக் கொடுப்பவரும் சட்டத்தின் பிடியில் சிக்குவார்.

தோல் வில்லுக்கு என்ன செய்கிறது

நாணை இழுக்கும்போது வில்லின் வெளிப்பக்கம், அதாவது குறியைப் பார்த்த பக்கம், நீள்கிறது. எய்பவரைப் பார்த்த உட்பக்கம் நெருக்கப்படுகிறது. மரத்தின் நார் ஓட்டம் வெளிப்பக்கத்தில் எங்காவது அறுபட்டிருந்தால், அங்கே ஒரு சிம்பு எழும்பும். அடுத்த இழுப்பில் வில் ஒடியும். இதைத் தடுக்கவே வெளிப்பக்கம் முழுவதும் ஏதாவது ஒன்றை ஒட்டுகிறார்கள். விலங்கின் தசைநாரை ஒட்டினால் அது இழுவிசையில் பங்கேற்று வில்லுக்கு வேகம் சேர்க்கும். ஆசியாவின் பழைய கொம்பு வில்கள் இப்படிச் செய்யப்பட்டவை. பதனிடாத மாட்டுத்தோலோ ஆட்டுத்தோலோ சிம்பு எழாமல் அழுத்திப் பிடிக்கும்.

பாம்புத்தோல் இவ்விரண்டிலும் சேராது. மிக மெல்லியது என்பதால் பலவீனமான வில்லை அது காப்பாற்றாது. ஈரத்தை ஓரளவு தடுக்கும், பார்வைக்கு நன்றாக இருக்கும், அவ்வளவே. அது இல்லாததால் வில்லின் பலத்தில் குறை எதுவும் வராது.

எந்தப் பாம்புக்கு எந்தப் பட்டியல்

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பட்டியல்கள் மாற்றி அமைக்கப்பட்டன. மலைப்பாம்பு, ராஜநாகம் ஆகியவற்றோடு நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சாரை, வயல் வாய்க்கால்களில் காணும் நீர்க்கோலி ஆகியவையும் இன்று உச்சப் பாதுகாப்பு உள்ள முதல் பட்டியலில் உள்ளன. நாட்டின் மற்றப் பாம்புகளில் பெரும்பாலானவை இரண்டாம் பட்டியலில் வருகின்றன. ஆகவே, "சாரைக்கு விஷமில்லை, ஊரெல்லாம் இருக்கிறது, அதைப் பிடித்தால் யார் கேட்பது" என்ற பேச்சு சட்டத்தின் முன் நிற்காது.

சாரைக்கு இந்தப் பாதுகாப்பு ஏன் தேவைப்பட்டது என்பதற்குப் பின்னால் தமிழ்நாட்டின் வரலாறும் இருக்கிறது. ஒரு காலத்தில் சென்னை வழியாகப் பாம்புத்தோல் பெருமளவில் ஏற்றுமதியானது. கைப்பையும் செருப்பும் செய்ய உதவிய அந்தத் தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்களில் இருளர் சமூகத்தினர் முக்கியமானவர்கள். ஏற்றுமதி 1976இல் தடை செய்யப்பட்டது. பிழைப்பு இழந்த இருளர்களின் திறமையைப் பயன்படுத்த, 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. உரிமம் பெற்றுப் பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்துக்கொண்டு, மீண்டும் காட்டில் விடுவது அதன் வேலை. பாம்புக்கடி மருந்து தயாரிக்க அந்த நஞ்சு உதவுகிறது. தோலுக்காகக் கொல்வதைவிட உயிரோடு விடுவதில் வருமானம் உண்டு என்பதை அந்தச் சங்கம் நடைமுறையில் காட்டியது.

எவையெல்லாம் குற்றம்

பாம்பைக் கொல்வது மட்டுமே குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் 'வேட்டை' என்று சொல்வதில் பிடிப்பது, பொறி வைப்பது, காயப்படுத்துவது, உடலின் எந்தப் பகுதியையும் எடுப்பது எல்லாம் அடங்கும். வன விலங்கின் எந்தப் பகுதியைப் பயன்படுத்திச் செய்த பொருளும் 'விலங்குப் பொருள்' ஆகிவிடும். தோல் ஒட்டிய வில் அந்த வகையைச் சேர்ந்தது. அதை விற்பது, வாங்குவது, வியாபாரத்துக்காகச் செய்வது எல்லாமே தடைக்கு உட்பட்டவை. தோல் கொடுத்தவர், ஒட்டியவர், வாங்கியவர் என ஒவ்வொருவர் மீதும் தனித்தனியே வழக்கு வரலாம்.

முதல் பட்டியலில் உள்ள உயிரினம் தொடர்பான குற்றத்துக்கு 51ஆம் பிரிவின்படி குறைந்தது 3 ஆண்டும் அதிகபட்சம் 7 ஆண்டும் சிறைத்தண்டனை உண்டு. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. மற்றப் பொதுவான மீறல்களுக்கு 3 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சில சிறு குற்றங்களைப் பணம் கட்டிச் சமரசமாக முடித்துக்கொள்ள 54ஆம் பிரிவு வழி தருகிறது. குறைந்தபட்சச் சிறை விதிக்கப்பட்ட குற்றங்களுக்கு அந்த வழி கிடையாது. பாம்புத்தோல் ஒருவரிடம் இருந்தது நிரூபணமானால், அது சட்டவிரோதமாக வந்தது என்றே நீதிமன்றம் முதலில் கொள்ளும். சட்டப்படி வந்தது என்று காட்டும் பொறுப்பு வைத்திருந்தவருடையது. 57ஆம் பிரிவு இதைச் சொல்கிறது.

வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானங்கள்

*"வீட்டுக்குள் வந்த பாம்பை அடித்தோம்."* தன்னையோ பிறரையோ காக்க நல்லெண்ணத்தோடு கொன்றால் 11ஆம் பிரிவின்படி அது குற்றமில்லை. ஆனால் கொல்லப்பட்ட பாம்பு அரசின் சொத்து. அதன் தோலை உரித்த நிமிடத்தில் புதிய குற்றம் தொடங்குகிறது.

*"ரோட்டில் அடிபட்டுக் கிடந்தது."* செத்த விதம் எதுவானாலும், வன விலங்கின் உடல் பொது மக்கள் எடுத்துக்கொள்ளும் பொருளாகிவிடாது.

*"பாம்பு கழற்றிய சட்டை."* வில்லுக்கு அது உதவாது. கழன்றது மேல்தோலின் காய்ந்த படலம் மட்டுமே, விரலில் நொறுங்கும். வில்லில் ஒட்டப்படுவது உயிருள்ள பாம்பின் உடலோடு இருந்த முழுத்தோல். ஆகவே, "சட்டையைத்தான் ஒட்டினேன்" என்ற விளக்கத்தைத் தோலே பொய்யாக்கிவிடும். மீதமுள்ள சந்தேகத்தைச் செதில் அமைப்பையும் மரபணுவையும் பார்த்து ஆய்வகங்கள் தீர்க்கின்றன. டேராடூன் இந்திய வன உயிரின நிறுவனமும், ஐதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தின் அழிநிலை உயிரினப் பாதுகாப்பு ஆய்வகமும் இத்தகைய வழக்குகளில் இனத்தை அடையாளம் காட்டுபவை.

*"வெளிநாட்டுப் பாம்பு."* ஊர்வனவற்றின் தோலை இறக்குமதி செய்வதை மத்திய அரசு 2017 ஜனவரியில் தடை செய்தது. சுற்றுலா போனவர் பையில் வாங்கிவந்தாலும், இணையத்தில் வரவழைத்தாலும், சுங்கத்துறையின் பிரச்சினை தனியாக எழும். அழிநிலை உயிரின வணிகத்துக்கான சைட்டீஸ் உடன்படிக்கையில் இந்தியா 1976 முதல் உறுப்பு நாடு. 2022 திருத்தம் அந்த உடன்படிக்கையின் பட்டியலையும் உள்நாட்டுச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது.

உடலுக்கும் வயலுக்கும் வரும் கேடு

விஷப்பாம்பின் தலை துண்டான பிறகும் சிறிது நேரம் கடிக்கக்கூடியது. பல்லில் நஞ்சு இருக்கும். ஊர்வனவற்றின் உடலில் சால்மொனெல்லா கிருமி சாதாரணமாகக் காணப்படும்; பச்சைத் தோலை உரிப்பவர் கையிலிருந்து அது சமையலறை வரை போகும். பழங்காலத்தில் பாடம் செய்த தோல்களில் ஆர்சனிக் கலந்த மருந்து பூசப்பட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. அவற்றைத் தேய்ப்பதும் தூசியைச் சுவாசிப்பதும் ஆபத்து. கடி பட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, மந்திரிப்பது எதிலும் நேரத்தை விடாமல் நஞ்சுமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது.

தம்மம்பட்டிச் சுற்றுப்புறத்தில் மரவள்ளியும் மக்காச்சோளமும் நெல்லும் விளைகின்றன. எலி முக்கிய இரை என்பதால் சாரை வயலுக்குச் சம்பளமில்லாத காவலாளி. ஒரு வில்லின் அலங்காரத்துக்காக ஒரு சாரை போனால், இழப்பு விவசாயிக்குத்தான்.

வீட்டில் பழைய தோல் இருந்தால்

தாத்தா காலத்துப் பாம்புத்தோலோ, தோல் ஒட்டிய வில்லோ இருந்தால் பயத்தில் எரிப்பதும் புதைப்பதும் தவறு. அரசுச் சொத்தை முன் அனுமதியின்றி அழிப்பதும் சட்டமீறல். 39ஆம் பிரிவின்படி, இப்படிப்பட்ட பொருள் கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ வனத்துறை அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும். தம்மம்பட்டியில் இருப்பவர் வனச்சரக அலுவலகத்தை அணுகலாம். தகவலை எழுத்தில் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை வாங்கிக்கொள்வது அவசியம். காலம் கடந்திருந்தால், போவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொள்வது நல்லது. தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் முறையான உரிமைச் சான்று பெற்றவர்கள் பொருளை வைத்துக்கொள்ளலாம், விற்க முடியாது. வேண்டாம் என்றால் 42ஏ பிரிவின்படி 7 வேலை நாள் முன்னறிவிப்புக் கொடுத்து ஒப்படைக்கலாம். இழப்பீடு கிடைக்காது.

சோதனையும் கைதும்: குடிமக்களின் உரிமை

வனத்துறை அலுவலரும், சார்பு ஆய்வாளர் பதவிக்குக் குறையாத காவல் அதிகாரியும் சந்தேகத்தின்பேரில் பட்டறையைச் சோதனையிடலாம், பொருளைக் கைப்பற்றலாம். தடுக்கக் கூடாது. அதே சமயம் கேட்க வேண்டியவை உண்டு: அதிகாரியின் பெயர், பதவி, கைப்பற்றிய பொருள்களின் பட்டியல், கைதுக்கான காரணம். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பதும், விருப்பமான வழக்கறிஞரைக் கலந்துகொள்ளலாம் என்பதும் அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு தரும் உறுதி. படித்துப் பார்க்காத தாளில் கையெழுத்துப் போட யாரும் கட்டாயப்படுத்த முடியாது. காரணமின்றித் தொல்லை தரும் நோக்கத்தோடு பொருளைக் கைப்பற்றும் அதிகாரிக்கும் 53ஆம் பிரிவில் தண்டனை இருக்கிறது.

வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவருக்கு இலவச சட்ட உதவி உண்டு. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர் ஆகியோர் வருமான வரம்பின்றி இதைப் பெறலாம். உதவி எண் 15100.

பாம்புத்தோல் வியாபாரம் நடப்பது தெரிந்தால் வனத்துறைக்கோ, வன உயிரினக் குற்றத் தடுப்புப் பணியகத்துக்கோ தகவல் தரலாம். புகாருக்குப் பலன் இல்லையென்றால், 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுக் குடிமகனே நேராக நீதிமன்றத்தில் முறையிட 55ஆம் பிரிவு இடம் தருகிறது.

சட்டத்துக்கு உட்பட்ட மாற்று

இசைத்துறை இதே சிக்கலைக் கடந்து வந்திருக்கிறது. கஞ்சிராவுக்கு முன்பு உடும்புத் தோலே போர்த்தப்பட்டது. உடும்பு முதல் பட்டியலில் உள்ள உயிரினம். இன்று ஆட்டுத்தோலிலும் செயற்கைத் தோலிலும் கஞ்சிரா செய்து மேடையில் வாசிக்கிறார்கள்.

வில்லுக்கும் வெள்ளாட்டின் பதனிடாத தோலே பொருத்தம். பறைக்கும் மற்ற தோல் கருவிகளுக்கும் தோல் தருபவர்களிடம் அது கிடைக்கும். மயிர் நீக்கிய மெல்லிய தோலைத் தண்ணீரில் ஊறவைத்து இளக்க வேண்டும். வில்லின் வெளிப்பக்கத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, வச்சிரப் பசையோ மரவேலைக்கான வெள்ளைப் பசையோ தடவி, நடுவிலிருந்து நுனி நோக்கிக் காற்றுக் குமிழ் இல்லாமல் ஒட்டித் துணிப்பட்டையால் சுற்றிக் கட்ட வேண்டும். நிழலில் நன்றாகக் காயும்வரை நாண் ஏற்றக் கூடாது. காயும்போது தோல் சுருங்குவதால் ஓரம் தூக்கினால் மீண்டும் பசையிட்டு அழுத்தலாம். தடித்த தோல் நுனிகளின் எடையைக் கூட்டி அம்பின் வேகத்தைக் குறைக்கும். அங்கே இழைத்து மெல்லிதாக்குவது நல்லது. முடிவில் அரக்கு மெருகு ஈரத்தைத் தடுக்கும். மூங்கில் பட்டை, பட்டு, கெட்டியான பருத்தித் துணி ஆகியவையும் உதவும்.

செதில் தோற்றம்தான் வேண்டும் என்றால், ஆட்டுத்தோலின் மேல் வண்ணம் தீட்டலாம். சிற்பிக்கு அது கடினமான வேலையில்லை. அச்சு பதித்த மாட்டுத்தோலும் ரெக்சினும் கடைகளில் உள்ளன. அசல் செதிலின் விளிம்பை நகத்தால் நெம்பினால் எழும்பும், அச்சு எழும்பாது. வாடிக்கையாளர் தோல் கொண்டுவந்தால் இந்தச் சோதனையைச் செய்து, சந்தேகம் இருந்தால் வேலையை மறுத்துவிடலாம். தானே வாங்கும் ஆட்டுத்தோலுக்கும் அச்சுத்தோலுக்கும் ரசீதைப் பத்திரமாக வைத்து, விற்கும் பில்லில் என்ன தோல் என்று எழுதிக் கொடுப்பது செய்பவர், வாங்குபவர் இருவருக்கும் பாதுகாப்பு.