பெயர் பெறாத போர்க்கப்பல்

போர்க்கப்பல் என்றவுடன் மலைபோன்ற உருவமே நம் மனக்கண்ணில் தோன்றும். இரண்டாம் உலக மகாயுத்தத்தில், தரையிறங்கும் படைகளுக்குத் துணைசெய்ய அமெரிக்கக் கடற்படை கட்டுவித்த 130 கப்பல்களோ நீளத்தில் 160 அடியைக்கூட எட்டவில்லை. ஒன்றுக்கேனும் பெயரிடப்படவில்லை, இலக்கந்தான். அவற்றுள் 33 ஆம் இலக்கத்தின் கதையை இங்கே கூறுவோம்.

ஏறக்குறைய எழுபது மாலுமிகள் அதில் இருந்தனர். ஆழங்குறைந்த நீரிற் செல்லவல்லதாகையால், பெருங்கப்பல்கள் அணுகமுடியாத கரையை நெருங்கி, றொக்கற்றுகளைப் பொழியும். 1945 பெப்ரவரி 19 ஆந் திகதி இவோஜிமாத் தீவில் அமெரிக்கர் இறங்கியபோது இப்பணியையே அது செய்தது.

ஏப்பிரலில் ஒக்கினாவாவில் அமெரிக்கர் இறங்கினர். யப்பானிய விமானிகள் தம் விமானங்களோடு கப்பல்கள்மீது பாய்ந்து மடிந்தனர். அவர்களின் வருகையை முன்னறிந்து கூற, றேடார் தாங்கிய நாசகாரிக் கப்பல்கள் தொலைவிற் காவல் நின்றன. அவற்றின் அருகே இச்சிறு கப்பல்களும் நிறுத்தப்பட்டன. விமானங்களைச் சுடவேண்டும், நாசகாரி தாக்கப்பட்டால் தீயை அணைக்கவேண்டும், நீரில் தத்தளிப்போரைத் தூக்கியெடுக்கவேண்டும். மாலுமிகள் இவற்றுக்குச் சூட்டிய பட்டம் 'பாடை சுமப்போர்'. கசப்பான பகடிதான்!

ஏப்பிரல் 12 ஆந் திகதி, ஒக்கினாவாவுக்கு வடக்கே விமானங்கள் கூட்டமாக வந்தன. 'கசின் யங்' என்னும் நாசகாரி அடிபட்டும் தப்பியது. அதற்குத் துணைநின்ற 33 ஆம் இலக்கமோ மோதுண்டு மூழ்கியது.

'கசின் யங்' பொஸ்ரன் துறையிற் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. சிறு கப்பல்களுள் எஞ்சியது 102 ஆம் இலக்கம் ஒன்றே. தாய்லாந்துக் கடற்படையிற் பல்லாண்டு உழைத்து, 2007 இல் அது கலிபோர்னியாவுக்கு மீண்டது. தாய்லாந்தில் அதற்கு ஒரு பெயரும் இருந்தது: 'நாக்கா'.